பெட்டி இல்லாத மைதானம்

நாளைக்குச் சொல்லிவிடலாம். பூசை முடிந்து ஃபாதர் மைக்கை வைத்ததும் பக்கத்தில் போய், ‘ஃபாதர், ஒரு நிமிஷம்’ என்று ஆரம்பித்தால் போதும். மீதி தானாக வந்துவிடும். எத்தனை பேர் எவ்வளவு பெரிய விஷயத்தையெல்லாம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடுகிறார்கள். இது என்ன, ஒரு பை. ஒரு மஞ்சள் துணிப்பை.

நதியா பாதாம் சாக்லேட்டை நிறுத்துப் பெட்டியில் போட்டு, சேலத்திலிருந்து வந்திருந்த குடும்பத்திடம் நீட்டினாள். மனதுக்குள் வாக்கியம் வழக்கம்போல ‘ஒரு நிமிஷம்’ என்ற இடத்திலேயே நின்றுவிட்டது. நாலு வருஷமாக அது அந்த இடத்தைத் தாண்டியதில்லை.

நாயுடுபுரத்தில் சாலையோரமாக இருந்த அந்தச் சாக்லேட் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம். சீசனில் நிற்க நேரமிருக்காது. இப்போது மழை பிடித்துவிட்டதால் கூட்டம் குறைவு. சேலத்துக்காரர்கள் படியிறங்கியதும், அதுவரை ஓரமாக நின்றிருந்த சோலையம்மாள் உள்ளே வந்தாள். தலையில் துண்டு, கையில் பூண்டுச் சாக்கு. மேல்மலைக்காரி. வாரத்துக்கு ஒருமுறை பூண்டு கொண்டுவந்து டவுனில் போட்டுவிட்டுப் போகிறவள்.

“தாயி, சோலியா இருக்கியா?”

“இல்லம்மா, வாங்க. நனைஞ்சுட்டீங்களே.”

“இந்தத் தூத்தலுக்கா? நாங்க என்ன உங்க சாக்லேட்டா, கரைஞ்சு போக?” சிரித்துக்கொண்டே மடியிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தாள். “நீ மறுபடி சீமைக்குப் போறியாம்ல. கோயில்ல வேண்டுதல் சீட்டு வாங்குறாகன்னு கேள்விப்பட்டேன். பஸ் டிக்கெட் போடுற பையன்கிட்டச் சொல்லி எழுதிட்டு வந்தேன். எம்மக தமிழ்மதிக்கு ஆறாம் மாசம். முந்தி ரெண்டு தங்கல. ஒனக்குத்தான் தெரியுமே.”

நதியா தாளை வாங்கவில்லை. கையில் சாக்லேட் பிசுக்கு இருப்பதுபோலத் துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

சோலையம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “ஒண்ணு கேக்கணும் தாயி. நாலு வருசமா கேக்கணும்னு இருக்கேன், வாய் வரல. போன தடவ எங்க வீட்டுக்காரருக்காக நீதான எழுதுன?”

“ஆமாம்மா.”

“மலைச்சாமின்னு சரியாத்தான எழுதுன?”

“சரியாத்தான் எழுதினேன்.”

“அத வச்சியா? இல்ல, நாங்க சிலுவை போடாத ஆளுக. பேரப் பாத்துட்டு, இது நம்ம ஆளு இல்லன்னு அங்கன எவனாச்சும் தள்ளி வச்சுட்டானோன்னு.” சொல்லிவிட்டு, தப்பாகக் கேட்டுவிட்டவள்போல அவசரமாகச் சேர்த்தாள். “குத்தமாக் கேக்கல. மத்தவுகளுக்கெல்லாம் நடந்துச்சே, அதான்.”

இப்போது சொல்லலாம். இதைவிட நல்ல இடம் கிடைக்காது. உங்கள் சீட்டை யாரும் தள்ளவில்லை, யாருடைய சீட்டுமே எங்கும் போகவில்லை.

“வச்சேம்மா,” என்றாள் நதியா. “எல்லாத்தோடயும் சேர்த்துத்தான் வச்சேன்.”

சோலையம்மாள் தலையை ஆட்டினாள். அவள் முகத்தில் எதுவோ அணைந்தது. நதியா அதைப் பார்த்தாள். வைக்கப்பட்டும் மறுக்கப்பட்டது என்றால் அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது? “சரி. அப்ப அவரு விதி அம்புட்டுத்தான்,” என்று சொல்லி, புதுத் தாளைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். “நாளைக்குக் கோயிலுக்கு வாரேன் தாயி. நீ பைய வாங்குறத எங்கண்ணால பாக்கணும்.”

*

லிஸ்பனில் நடந்த உலக இளையோர் கூட்டத்துக்கு அவர்கள் பங்குக் கோயிலிலிருந்து ஐந்து பேர் போனார்கள். ஃபாதர் சூசைராஜ் அதற்கு முன் வெளிநாடு போனவரில்லை. இளையோர் இயக்கத்தில் யார் பொறுப்பான பிள்ளை என்று பார்த்து, நதியாவைக் கூப்பிட்டுப் பையைக் கொடுத்தார். பங்கு மக்கள் எழுதிய விண்ணப்பச் சீட்டுகள், இருநூற்றுப் பதிமூன்று. வேளாங்கண்ணியில் இருப்பதுபோல பீடத்துக்குக் கீழே பெட்டி இருக்கும், அதில் போட்டுவிட வேண்டும் என்றார். இருக்குமா என்று அவளும் கேட்கவில்லை. கோயில் இருந்தால் பெட்டி இருக்கும். அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

அங்கே கோயிலே இல்லை. ஆற்றங்கரையில் ஒரு பெரிய மைதானம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மனிதர்கள். பீடம் எங்கோ கிடந்தது. அவர்களுக்கு ஒதுக்கிய இடத்திலிருந்து பார்த்தால் திரையில் ஒரு வெள்ளை அங்கி தெரிந்தது, அவ்வளவுதான். மற்ற நால்வரும் பாடிக்கொண்டிருந்த கூட்டத்தோடு போய்விட்டார்கள். அவள் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வேலி வேலியாக நடந்தாள். சீட்டை எடுத்துக் காட்டி, போடுவதுபோல் சைகை செய்து, பெட்டி எங்கே என்று கேட்டாள். பச்சைச் சட்டை போட்ட தொண்டர் பெண் ஒருத்திக்குக் கடைசியில் புரிந்தது. முகமெல்லாம் சிரிப்பாகக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், ஒரு நீலத் தொட்டியைக் காட்டினாள். காகிதக் குப்பை போடும் தொட்டி.

நதியா அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்று சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரமானது. பிறகு திரும்பி வந்து, பையைத் தலைக்கு வைத்துப் புல்லில் படுத்தாள். பக்கத்தில் யாரோ பெயர் தெரியாத ஊர்ப் பெண்கள். டப்பா மீனை ரொட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லாமல் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அத்தனை லட்சம் பேரில் அவள் யார் மகள், அவள் அப்பா யாரோடு ஓடிப்போனார் என்று ஒருவருக்கும் தெரியாது. அவள் ஜெபிக்கவில்லை. நன்றாகத் தூங்கினாள். பிறகு அந்தத் தூக்கம் அவளுக்கு வாய்க்கவே இல்லை.

ஊருக்குத் திரும்பியபோது பஸ் ஸ்டாண்டில் பேண்டு செட்டு. வேனிலிருந்து இறங்கியதும் மாலை போட்டார்கள். அவள் ஃபாதரின் காதருகே போய், “ஃபாதர், அந்தப் பை...” என்றாள். பேண்டு சத்தத்தில் அவர், “அப்புறம் பேசுவோம் மா, ஜனங்க காத்திருக்காங்க” என்று சொல்லி மைக்கை வாங்கினார். “நம்ம நதியா நம்ம கண்ணீரையெல்லாம் கொண்டுபோய் உலகத்தோட பீடத்துல வச்சுட்டு வந்திருக்கா!” கைதட்டல். முதல் வரிசையில் நின்ற அம்மா அழுதாள்.

அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை. அதற்குப் பதிலாக, எழுதிக் கொடுத்த காரியங்கள் நடக்க ஆரம்பித்தன. பன்னிரண்டு வருஷமாகக் குழந்தையில்லாத டீச்சர் ஒருத்தி கருவுற்றாள். அட்டுவம்பட்டிக்காரர் ஒருவருக்குக் கழுத்துக்கட்டி சாதாரணக் கட்டி என்று ரிப்போர்ட் வந்தது. இருநூறு சீட்டில் பத்துக் காரியம் நடக்காமலா போகும் என்று அவளுக்குத் தோன்றும். அவர்களுக்குத் தோன்றவில்லை. டீச்சர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்து, நதியாவின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்தக் கணத்தைப் பற்றி நதியா யாரிடமும் சொன்னதில்லை. அது இனித்தது. கை கூசவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் கை அங்கேயே இருக்கட்டும் என்று இருந்தது. அதற்குப் பிறகுதான் கூச்சமெல்லாம்.

இப்போது பூசையில் பக்கத்திலிருப்பவருக்குக் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் நாலு வரிசை தாண்டி வந்து அவள் கையைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். இரண்டு வரன் வந்து, “அது மடத்துக்குப் போற புள்ளையாச்சே” என்று யாரோ சொன்னதில் திரும்பிப் போயிற்று. கன்னியாஸ்திரியாகப் போவதாக அவள் சொன்னதே இல்லை. கடையில் ஒருமுறை ஏதோ ஜோக்குக்குச் சத்தமாகச் சிரித்தபோது வாடிக்கையாளர் ஒருத்தி ஆச்சரியமாகப் பார்த்தாள். அன்றிலிருந்து சிரிப்பும் அளவாகத்தான்.

ஒருமுறை வத்தலக்குண்டுக்குப் போய், தெரியாத சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆண்டவருக்குப் பெட்டி வேணுமா மகளே? உன் மனசறிஞ்சு செஞ்ச பாவம் இல்ல இது” என்று மூன்று முறை ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லச் சொன்னார். அவள் மலையேறும் பஸ்ஸிலேயே மூன்றையும் சொல்லி முடித்துவிட்டாள். இன்னும் பாதி வளைவு மிச்சமிருந்தது.

*

சோலையம்மாளின் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அன்று சீக்கிரமாகவே வீட்டுக்கு வந்தாள். அம்மா அமலோற்பவம் கோயிலில் பூச்சாடி கழுவப் போயிருந்தாள். நதியா ஸ்டூல் போட்டு ஏறி, பீரோ மேலிருந்த சூட்கேஸை இறக்கினாள். அது லிஸ்பன் போய்வந்த சூட்கேஸ். போட்டுத் தீர்ந்த உடுப்புகளுக்கு அடியில் பை இருந்தது. வந்த வருஷம் அதை அங்கே வைத்ததோடு சரி, பிறகு தொட்டதில்லை. மலை ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துக் கூழாகியிருக்கும் என்று நினைத்திருந்தாள். கூழானால் நல்லது என்றுகூட நினைத்திருந்தாள்.

தாள்கள் மொறுமொறுவென்று இருந்தன. கையை விட்டபோது உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. வெள்ளையாக, பளிச்சென்று. அந்துருண்டை. பைக்குள் நாலு, சூட்கேஸில் மூன்று. பழைய உருண்டை என்றால் இதற்குள் கரைந்து காற்றாகியிருக்கும். இவை போன மாதத்து உருண்டைகள்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அமலோற்பவம் வந்து, குடையை மடக்கி, மகளையும் பையையும் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எதுக்கு அத எறக்குன? புழுதி.”

“எப்பருந்தும்மா தெரியும்?”

“நீ வந்த வாரமே. துணி தொவைக்க எடுக்கையில.”

“நாலு வருஷமா அந்துருண்ட போட்டுட்டு இருந்திருக்க.”

“பின்ன? ஊரு ஜனம் எழுதுனத பூச்சி திங்கவா விடுறது?” அம்மா குரலில் பதற்றமே இல்லை. சுவரில் இருந்த சலேத் மாதா படத்துக்குக் கீழே பையை எடுத்து வைத்தாள். “டெய்லி நீ கடைக்குப் போனதும் இத இங்கன வச்சுத்தான் ஜெபமாலை சொல்லுறேன். அங்கன வச்சா என்ன, இங்கன வச்சா என்ன? நடக்கலையா? அந்த டீச்சரு புள்ள நடக்குதுல்ல?”

“மலைச்சாமி செத்துட்டாரும்மா. அவங்க என்கிட்ட வந்து கேக்குறாங்க.”

“சாவு வந்தா சாவாக. எல்லாத்துக்கும் ஒனக்குத்தான் பொறுப்பா?”

“நாளைக்கு நான் சொல்லப்போறேன்.”

அமலோற்பவம் அடுப்பைப் பற்றவைக்கப் போனவள் திரும்பினாள். வந்து மகளுக்கு எதிரே அவளும் தரையில் உட்கார்ந்தாள். முழங்கால் வலியோடு அவள் அப்படி உட்காருவதில்லை.

“ஏட்டி, ஒங்கப்பா போனதுக்கப்புறம் அந்தக் கோயில்ல நான் எங்க உக்காந்தேன்னு தெரியுமா? கடைசி பெஞ்சு, கதவு சந்துல. சமாதானம் சொல்ல ஒரு கை நீளாது. இப்ப எங்க உக்காருறேன்? மொத பெஞ்சு. ‘அமலோற்பவம்மா வந்துட்டாகளா’ன்னு கேட்டுட்டுத்தான் பாட்டே ஆரம்பிக்கிறாக.” முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். “நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். சும்மா வாங்கிக்க. அடுத்த கூட்டம் சியோலோ என்னமோ, போயிட்டு வா. இந்தத் தடவ பெட்டி இருந்தாலும் இருக்கும். இல்லேன்னா இங்க கொண்டாந்துரு. நான் பாத்துக்கிடுறேன்.”

நான் பார்த்துக்கொள்கிறேன். அந்துருண்டை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். நதியாவுக்கு ஒரு வரிசை சூட்கேஸ்கள் கண்ணில் தெரிந்தன. பீரோ மேல், ஒன்றன்மேல் ஒன்றாக. அவற்றுக்குக் கீழே தலை நரைத்த அவள். கையைத் தொட்டுப்போக வரும் கூட்டம். அவள் எழுந்தாள். பையில் தேடி ஒரு சீட்டை மட்டும் எடுத்தாள். அவளுடைய கையெழுத்துதான். ‘மலைச்சாமி. நெஞ்சு வலி. திரும்பி வீட்டுக்கு வர வேண்டும்.’

*

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. சியோலுக்குப் போகும் ஆறு பேரும் புதுச் சட்டையில் முன்னால் நின்றார்கள். பூசை முடிந்து ஃபாதர் சூசைராஜ் பையை எடுத்துவந்தார். இந்தத் தடவை பட்டு. மாதா சபைப் பெண்கள் ஜரிகை வைத்துத் தைத்தது.

“நம்ம நம்பிக்கையோட கை எது?” என்று மைக்கில் கேட்டார். சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன. “நதியா, வா மா. ஏந்திக்க.”

அவள் படிக்கருகே போனாள். ஸ்வெட்டர் பையில் இரண்டு சீட்டுகள் இருந்தன. ஒன்று பழசு, ஒன்று புதுசு. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்த கையை அவள் வெளியே எடுக்கவில்லை. முதல் பெஞ்சில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கடைசியில், கதவுச் சந்தில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சோலையம்மாள் எம்பிப் பார்த்தாள்.

ஃபாதர் பையை நீட்டினார். அது இருவருக்கும் நடுவில் நின்றது.

“நான் வாங்கல, ஃபாதர்.”

அவர் மைக்கைப் பொத்தினார். “என்னம்மா, ஒடம்பு முடியலையா?”

“நல்லாத்தான் இருக்கேன். போன தடவ நான் எதையும் எங்கயும் வைக்கல. அங்க பெட்டி இல்ல. எல்லாம் எங்க வீட்டுல கெடக்கு.”

அவர் முகம் மாறியது. ஆனால் பையைப் பின்னுக்கு இழுக்கவில்லை. உதட்டில் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு குனிந்தார். “சரி, சரி. எல்லாரும் பாக்குறாங்க. இப்ப வாங்கிக்க. அப்புறம் பேசுவோம்.”

“அப்புறம்னுதான் போன தடவையும் விட்டேன், ஃபாதர்,” என்றாள் நதியா, அவருக்கு மட்டும் கேட்கும் குரலில். “வேணாம். நான் வாங்கல.”