குல்ஃபியின் கண்ணோரம்

குல்ஃபியின் வலக்கண் ஓரத்தில் கடலையளவு கிளம்பிய புண், வெயில் காலம் முடிவதற்குள் நெல்லிக்காயளவு வீங்கி, செக்கச்செவேல் என்று பிளந்து நின்றது. கல்யாண ஊர்வலங்களுக்குப் போகும் வெள்ளைக் குதிரை அது. மாப்பிள்ளையைச் சுமக்கிற குதிரையின் முகத்தில் சீழ் வடிந்தால் யார் கூப்பிடுவார்கள்? கொருக்குப்பேட்டை தண்டவாளத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் அதைக் குளிப்பாட்டித் தீனி வைத்து வளர்த்தவள் ஜீனத். மஞ்சள், வேப்பெண்ணெய் எல்லாம் தடவிப் பார்த்தாள். ஆறவில்லை.

கால்நடை டாக்டர் ஃப்ளோரன்ஸ் மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணிலிருந்து ஒரு துணுக்குச் சதையை வெட்டி எடுத்தார். புற்றாக இருந்தால் கண்ணையே எடுக்க வேண்டிவரும், மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் எதையும் சொல்ல முடியும் என்றார்.

ஜீனத்தின் புருஷன் அப்சலுக்கு அதுவரை பொறுக்கவில்லை. மாத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவன் குதிரையைப் புண்ணோடே வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். எதற்கென்று அப்சல் கேட்டுக்கொள்ளவில்லை. டெம்போ வந்து நின்றபோது, ஜீனத் குல்ஃபியின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு கொட்டகை வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"கண்ணு போவப் போற குதிரைய வச்சிகினு இன்னா பண்ணுவ?" என்றான் அப்சல்.

"டாக்டரம்மா சொல்லட்டும். அதுவரிக்கும் இது இங்கதான் கீது."

டெம்போ வெறுமனே திரும்பியது. அப்சல் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான். அவளுக்கும் உள்ளூரப் பயம்தான். தீனி வைக்கும்போது குல்ஃபி நல்ல கண்ணைத் திருப்பி அவளைப் பார்க்கும். அவள் வாளியைப் பார்த்துக்கொள்வாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும் தனியாகவே போனாள். டாக்டர் அவளையே மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். ஊதாவும் ரோஸுமாகச் சாயம் கொட்டினாற்போல் இருந்தது. செம்பொடி தூவியது மாதிரியான அணுக்கள் கூட்டம் கூட்டமாக எதையோ சூழ்ந்திருந்தன. நடுவில் கிடப்பது ஈ கொண்டுவந்து விட்ட புழுக்குஞ்சு, செத்துப்போனது, அதை எதிர்க்க உடம்பு அனுப்பிய அணுக்கள்தான் சுற்றிலும் என்று டாக்டர் விளக்கினார்.

"புத்து இல்லம்மா. மருந்து குடுத்தா ஆறிடும். கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது."

ஜீனத் மறுபடி குனிந்து பார்த்தாள். "இத்துனூண்டு புழுவா எங்கள இவ்ளோ பேஜாராக்கிச்சு?" என்றவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்சலுக்குப் போன் போட்டுச் சொன்னாள். "சாப்ட்டியா?" என்று கேட்டான் அவன்.

புண் ஆறும்வரை ஈ உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாயங்காலம் அப்சலே ஜீனத்தின் பழைய வலைத் துப்பட்டாவை வெட்டி, முடிச்சு உறுத்தாதபடி குல்ஃபியின் முகத்தில் கட்டினான். தெருப் பிள்ளைகள் ஓடி வந்து, கல்யாணப் பொண்ணு பாருடா பொண்ணு என்று கைதட்டின. கூட்ஸ் வண்டி ஒன்று தடதடத்துக் கடந்தது. குல்ஃபி தலையை ஒரு உலுப்பு உலுப்பியது. துப்பட்டாவின் ஜரிகை ஓரம் காற்றில் எழுந்து, மெல்ல அதன் மூக்கின் மேல் வந்து படிந்தது.