அவன் தொட்ட இடம்

“தம்பிக்கு யாழ்ப்பாணத்திலை எவடம்?”

கோப்பியை நீட்டியபடியே பத்மாவதி கேட்டாள். ஆஸ்பத்திரியில் புண் கழுவிக் கட்டும் அற்றென்டன் பேர்னாட் ஒளிக்காமல் தன் தகப்பன் பிறந்த குறிச்சியின் பெயரைச் சொன்னான். நீட்டிய பித்தளை மூக்குப்பேணி அப்படியே திரும்பிப் போயிற்று. குசினிக்குள் போனவள் அதே கோப்பியைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி வந்து வாசற்படியில் வைத்தாள்.

“நீ அதிலை எடுத்துக் குடி.”

தம்பி போய் நீ வந்துவிட்டது. சாதி என்பது எவ்வளவு சுறுசுறுப்பான சனியன்!

கட்டிலில் கிடந்த அவள் கணவன் நவரத்தினம் வாய் திறக்கவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் மதிப்பான கிளாக்கர், சலரோகம் என்ற நீரிழிவுக்காரர். உலக யுத்தம் முடிந்த அந்த வருஷம் அவருடைய கவட்டில் வந்த சின்னக் கொப்புளம் மூன்றே நாளில் அழுகிப் பரவி, விதைப்பையின் தோல் முழுவதையும் தின்றுவிட்டது. அழுகியதை வெட்டி எறிந்து, பிறகு தொடைத் தோலைச் சீவி எடுத்து அங்கே ஒட்டியிருந்தார்கள்.

அந்த நாற்றம் இன்னும் அவரை விடவில்லை. சோற்றை வாய்க்குக் கொண்டுபோனாலும் வந்து நிற்கும். அதோடு ஆஸ்பத்திரி வாட்டும் கண்ணுக்குள் வரும். அங்கே பார்க்க வந்த மைத்துனன் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவோடு திரும்பினான். பத்மாவதி தலைமாட்டை விட்டுப் புண் பக்கம் நகரவேயில்லை. குனிந்து இரண்டு வேளையும் சீழ் கழுவியவை பேர்னாட்டின் கைகள்தான்.

ஒட்டிய தோல் பிடிக்காவிட்டால் மறுபடி கத்திதான். புண்ணின் கடைசிக் கட்டைப் பக்குவமாகப் பிரிக்கத்தான் டொக்டர் இவனை வீட்டுக்கே அனுப்பியிருந்தார். இவன் கோபித்துக்கொண்டு போய்விட்டால்?

பேர்னாட் போகவில்லை. கை கழுவிவிட்டு, கட்டை நனைத்து நனைத்து மெல்ல உரித்தான்.

“பிடிச்சிட்டுது ஐயா. இனிப் பயமில்லை. நான் வரத் தேவையில்லை.”

கோப்பியைத் தொடாமல் படியிறங்கினான்.

பத்மாவதி வாளியில் மஞ்சள் தண்ணீர் கரைத்து வந்து, அவன் இருந்த முக்காலி, நின்ற நிலம், படி எல்லாம் தெளித்தாள். தான் வாய் மூடிக் கிடந்ததை நவரத்தினம் வெட்கத்தோடு நினைத்தார். நாற்றம் மறுபடி வந்தது. புண் ஆறிவிட்டதே, இது எங்கிருந்து வருகிறதென்று அவருக்குத் தெரிந்தது.

கால்களை அகட்டி மெல்ல எழுந்து போய், சிரட்டையை எடுத்து, ஆறிய கோப்பியைக் குடித்தார்.

“இஞ்சருங்கோ! அது அவனுக்கு வச்சதெல்லே!”

“ஓம்.”

கட்டிலில் வந்து இருந்து சாரத்தை நெகிழ்த்தினார்.

“பத்மா, அவன் தொட்ட இடமெல்லாம் கழுவிறாய். ஒரு இடத்தை விட்டுட்டாய். இஞ்சை வா.”

ஐந்து வாரமாக அந்தப் பக்கம் பார்க்காதவள், வாளியோடு சுவரைப் பார்த்து நின்றாள்.