கோட்டை இறக்கத்தில் போன பிரேக்

முதல் அடி எங்கிருந்து வந்தது என்று றுவைஸ் காணவில்லை. தன் பிரேக் திருத்தும் கடை வாசலில் முச்சக்கரவண்டியொன்றின் பக்கத்தில் குந்தியிருந்தவன், மீட்பு லொறி வந்து நின்ற சத்தத்துக்கு நிமிர்ந்தான். நிமிர்ந்த வேகத்திலேயே வீல் ஸ்பானர் வலது தோளில் இறங்கியது. அடுத்ததைத் தடுக்க இடது கையைத் தூக்கினான். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்தது அவன் காதுக்கே கேட்டது.

"என்ரை அக்காவைக் கொல்லப் பாத்தனியே? ரெண்டு கிழமைக்கு முதல் நீதானே பிரேக் செய்து குடுத்தனீ?"

அடித்தவன் யுகேந்திரன். துறைமுகத்தில் லொறி ஓட்டுகிறவன். அவனுக்குப் பின்னால், மீட்பு லொறியின் முதுகில், அவனுடைய அக்கா சுதர்ஷினியின் வீட்டு வான் முகம் நசுங்கிக் கிடந்தது. முன் கண்ணாடி முழுவதும் உதிர்ந்திருந்தது. சாரதி ஆசனத்தில் இரத்தம்.

உட்துறைமுக வீதியில் அந்த வானைத் தெரியாதவர்கள் இல்லை. எழுபதுகளில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கப்பலேற்றிக் கொண்டுவந்து, ஊர் சுற்றி முடித்து, விற்றுவிட்டுப் போன ஜேர்மன் வாகனம் அது. உள்ளேயே கட்டில், அடுப்பு, அலுமாரி, கை கழுவுகிற தொட்டி எல்லாம் இருந்தன. ஐந்தாவது கையாக அதை வாங்கிய சுதர்ஷினி, நிலாவெளிக் கடற்கரையில் நிறுத்தி, வருகிற பயணிகளுக்குத் தங்கக் கொடுத்தாள். எஞ்சின் ஒருநாளும் கரைச்சல் தந்ததில்லை. பிரேக்தான் ஓயாத வருத்தம். கடைசியாக வந்தபோது றுவைஸ் பிரேக் ஒயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி, உள்ளே இருந்த தேய்ந்த ரப்பர்களை மாற்றியிருந்தான். அந்தப் பழைய வண்டிக்கு அசல் ரப்பர் கிடைக்கவில்லை. கொழும்பிலிருந்து அளவு சரியான வேறொன்றை எடுப்பித்துப் போட்டான்.

மூன்றாவது அடி வாயில் விழுந்தபோது அவன் நினைத்தது அந்த ரப்பரைத்தான். ஒரு பல் நாக்கில் தட்டுப்பட்டது. அளவு பிழைத்துவிட்டதோ? நான்தான் சுதர்ஷினிக்கு இதைச் செய்தேனோ?

"மலைக் கோயிலால இறங்கி வந்தவ. கோட்டைக்குள்ள பெடல் அப்படியே தாழ்ந்து போட்டுது. முன்னுக்குச் சனம், அங்க மேயிற மான். சுவரில கொண்டுபோய் இடிச்சவ. ஒரு கால் ரெண்டா முறிஞ்சு போச்சு." யுகேந்திரன் சொல்லிச் சொல்லி உதைத்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு உதை.

அடுத்த உதைக்கு முன் பக்கத்து டயர் கடைக்காரர்கள் ஓடிவந்தார்கள். கடைக்காரன் றம்ஸான்தான் முன்னால். யுகேந்திரனைப் பின்னாலிருந்து பிடித்து நிலத்தில் போட்டார்கள். பிறகு பிடிப்பதோடு நிற்கவில்லை. ஆறேழு பேர் சுற்றி நின்று மிதித்தார்கள். வீதியில் போனவர்களும் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து சேர்ந்தார்கள்.

"எங்கட இடத்துக்கு வந்து எங்கட ஆளையா அடிக்கிறாய்?" என்று யாரோ கத்தினான். இன்னொருவன் போனைத் தூக்கிப் படம் பிடித்தான்.

அந்த 'எங்கட' என்ற சொல் றுவைஸின் முதுகைச் சில்லிட வைத்தது. அந்தப் படம் பின்னேரத்துக்குள் எத்தனை போனுக்குப் போகும், அது எப்படி முஸ்லிம்-தமிழர் சண்டையாகக் கதை மாறும், யார் கடையில் முதல் கல் விழும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். சுவரைப் பிடித்து எழும்பினான்.

"விடுங்க அவன. முதல்ல வண்டியப் பாப்பம்."

"வண்டியா? உங்கட வாயப் பாத்தீங்களா?" என்றான் றம்ஸான். அவன் கையில் டயர் கழற்றுகிற கம்பி இருந்தது.

"வண்டியப் பாப்பம் எண்டு சொன்னேன்."

லொறியில் ஏறி, உடைந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் பிரேக் ஒயில் தாங்கியின் மூடியைத் திருகினான். மூடிக்குள் இருந்த ரப்பர் ஊறிப் பருத்து, சுருண்டு, வடிவம் கெட்டிருந்தது. ஒயில் சிவந்திருந்தது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனான். அது பிரேக் ஒயிலின் மணமே அல்ல.

தன்னில் பிழையில்லை. முதலில் அந்த ஆறுதல்தான் வந்தது. அதற்குப் பின்னாலேயே ஆத்திரம் வந்தது. யாரோ லொறிக்கு ஊற்றுகிற ஸ்டியரிங் ஒயிலை இதற்குள் ஊற்றியிருக்கிறார்கள். அக்காவின் வண்டிக்கு ஒயில் பார்க்கிற லொறிக்காரன் யார்?

கீழே பார்த்தான். இரண்டு பேர் யுகேந்திரனின் கைகளை முறுக்கிப் பிடித்திருந்தார்கள். அவன் ஒரு கண் மூடியே போயிருந்தது. ஒரு சொல் போதும். இவனே ஊத்திப்போட்டு என்னை வந்து அடிச்சான் என்று சொன்னால் மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சொல்லத்தான் றுவைஸ் வாயைத் திறந்தான். இரத்தம் வழிந்தது. றம்ஸானின் கம்பி தோளுக்கு மேலே உயர்ந்து நின்றது.

"கழட்டிப் பாக்காமச் சொல்ல ஏலாது," என்றான்.

"அப்ப உங்கட பிழையாகவும் இரிக்கலாமா?" என்றான் றம்ஸான்.

"இரிக்கலாம்."

பத்துப் பதினைந்து பேர் அதைக் கேட்டார்கள். இருபது வருடமாகப் பிரேக் வேலைக்கென்றே தேடி வருகிற கடை. றம்ஸான் அவனை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுக் கம்பியைத் தாழ்த்தினான். கையை முறுக்கியவர்கள் விட்டார்கள். கூட்டம் முணுமுணுத்தபடி கரைந்தது. படம் பிடித்தவனை றுவைஸ் கூப்பிட்டு, தன் கண்முன்னே அழிக்க வைத்தான்.

பிறகு யுகேந்திரனைக் கடைக்குள் கூப்பிட்டான். தேத்தண்ணிக் கிளாஸில் பாதிக்குத் தண்ணீர் எடுத்து, தாங்கியிலிருந்த ஒயிலில் கொஞ்சம் விட்டான்.

"பிரேக் ஒயில் தண்ணியோட கலந்துடும். இதப் பாருங்க."

சிவப்பு ஒயில் தண்ணீருக்கு மேலே தனியாக மிதந்தது. யுகேந்திரன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"ஆர் ஊத்தின?" என்று கேட்டான் றுவைஸ்.

யுகேந்திரன் கிளாஸைக் கையில் எடுத்தான். "போன கிழமை திறந்து பாத்தனான். கொஞ்சம் குறைஞ்சு கிடந்தது. லொறியில கிடந்த போத்தல்... ஒயில்தானே எண்டு..."

"இந்த ஒயில் பட்டா ரப்பர் ஊதும். ஊதினா பிரேக் பிடிச்சது விடாது. பிடிச்சபடியே ஓடி ஓடிச் சூடேறி, ஒயில் கொதிக்கும். கொதிச்சா பெடல் நிலத்துக்குப் போகும்."

யுகேந்திரன் வெளியே போனான். லொறியில் ஏறி, வானின் பக்கக் கண்ணாடியில் முட்டியால் குத்தினான். அது உடையும்வரை குத்தினான், உடைந்த பிறகும் குத்தினான். றுவைஸ் தடுக்கவில்லை. தடுக்கிற கையும் இல்லை, மனமும் இல்லை.

"அக்காட்டைச் சொல்லாதேங்கோ அண்ணை."

"நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லணும். அந்திக்குள்ள சொல்லாட்டி நான் வந்து சொல்லுவேன்." வாயிலிருந்த பல்லைத் துப்பினான். "பொலிஸுக்கும் போவேன். அடிச்சது அடிச்சதுதான்."

சொன்னபடியே போனான். ஆஸ்பத்திரியில் கைக்கு மாக்கட்டுப் போட்டபின், அங்கிருந்த பொலிஸ்காரரிடம் முறைப்பாட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தியில் பெண்கள் வார்டுக்கு நடந்தான்.

சுதர்ஷினியின் இடது கால் பாரம் கட்டி உயர்த்தப்பட்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் சுடுதண்ணீர்ப் போத்தலொன்று நசுங்கிக் கிடந்தது. யுகேந்திரனின் நெற்றியில் புதிதாக ஒரு வெட்டு, அதிலிருந்து வழிந்ததை அவன் துடைக்கவும் இல்லை. சொல்லிவிட்டான் என்று றுவைஸுக்கு விளங்கியது.

"ரெண்டு நாளா வான் இழுத்தது," என்றாள் அவள். "ஆரோ பின்னால பிடிச்சு வச்சிருக்கிற மாதிரி. உங்களிட்டக் கொண்டு வந்திருக்கோணும். கோயிலுக்குப் போட்டு வருவம் எண்டு நினைச்சன். உங்கட கை?"

"ஆறு கிழமையாம்."

"எனக்கு மூண்டு மாசம். கை சரிவந்த பிறகு திருத்துங்கோ."

"தம்பியில முறைப்பாடு குடுத்திருக்கேன்."

"குடுக்கத்தான் வேணும்." தம்பியின் பக்கம் அவள் திரும்பவில்லை.

அடுத்தநாள் காலை யுகேந்திரன் பொலிஸுக்குப் போகிற வழியில் டயர் கடை வாசலில் நின்றான். ஒயிலை ஊற்றியது தான்தான் என்றும், றுவைஸ் அண்ணையின் வேலையில் ஒரு பிழையும் இல்லையென்றும் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். றம்ஸான் எழும்பி வந்து கன்னத்தில் ஓங்கி அறைந்தான். யுகேந்திரன் கையைத் தூக்கவில்லை. றம்ஸான் மறுபடி ஓங்கியபோது றுவைஸ் மாக்கட்டுக் கையோடு நடுவில் வந்து நின்றான்.

"காணும், விடுங்க," என்றான்.

முதல் அறையையும் தடுத்திருக்கலாம். பக்கத்தில்தான் நின்றான். ஆனால் அதை விழவிட்டான்.