பாலத்தில் கரைந்த மை

ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். காபி போட்டு, ஆறிய பிறகு குடித்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். ஞாயிற்றுக்கிழமை என்பது ஷூ மாட்டும்போதுதான் நினைவுக்கு வந்தது. கழற்றிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டான்.

ஏழரைக்குக் கீழே ஹாரன் சத்தம். மச்சினி வந்துவிட்டாள். புத்தக அட்டைகளுக்குக் கையால் எழுத்து வரைவது அவள் தொழில். அவள் பையில் அக்காவின் ஸ்கெட்ச் நோட்டு இருந்தது.

அதன் கடைசிப் பக்கம் ஆற்றுப் பாலம். பேனாக் கோடுகள் மட்டும்தான். நிறம் பூசுவதற்குள், படித்துறையில் உட்கார்ந்தபடியே அவன் மனைவியின் இதயம் நின்றுவிட்டது. மாமியாருக்கு அந்தப் படம் வேண்டும். நிறம் பூசி, கீழே மகள் கடைசியாகச் சொன்னதை எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும்.

அந்த வார்த்தை சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது, வாயில் வந்ததைச் சொன்னான்: "அம்மா அழக் கூடாதுன்னு சொன்னா." பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இதற்கு இறக்கையே முளைத்துவிட்டது. இன்றைக்கு அது மையில் ஏறப் போகிறது.

இருவரும் போய்ச் சேர்ந்தபோது படித்துறை முழுக்கப் பனி. பாலம் பாதிவரை இருந்தது, மீதி இல்லை. ஒரு படகு நகர்கிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியவில்லை. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் அதுவும் தெரியாது. வேறு யாருடைய தூக்கத்துக்குள்ளோ வந்து நிற்பதுபோல இருந்தது அவனுக்கு.

"என்ன மாமா, பிடிச்சு வெச்ச பிள்ளையாராட்டம் நிக்கறீங்க? உக்காருங்க."

மச்சினி நீலத்தில் துளி காவியைக் கலந்தாள். தூரிகையின் நுனி மூன்றாவது வளைவைத் தொட்டது. கருப்புக் கோடு தடித்தது, ஊதாவானது, புகைபோல ஆற்றுக்குள் இறங்கியது.

"ஐயையோ! கரையுது மாமா! அக்கா எப்பவும் தண்ணிக்குக் கரையாத மைதானே வெச்சிருப்பா?"

"அன்னிக்கு அவ பேனா காஞ்சு போச்சு. என்னோட ஆபீஸ் பேனாவ எடுத்துக்கிட்டா."

"கேட்டாளா?"

"உங்கக்கா என்னிக்குக் கேட்டா? பாக்கெட்ல கையை விட்டு உருவிட்டா."

மச்சினி சிரித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி சிரித்தாள். பிறகு வேறு நிறம் எதையும் தொடவில்லை. வெறும் தண்ணீரில் தூரிகையை நனைத்துக் கோடுகளின் ஓரமாக இழுத்துக்கொண்டே போனாள். தூண்கள் அவிழ்ந்தன. நிழல் தானாக விழுந்தது. தாளில் பனி ஏறியது. கொஞ்ச நேரத்தில், எதிரே இருந்த பாலம் தாளுக்குள் வந்ததா, தாளிலிருந்தது எழுந்து எதிரே போய் நின்றதா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

தாள் காய்ந்ததும் அவள் தன் எழுத்துப் பேனாவைத் திறந்தாள்.

"இது நம்ம மை. பேரன் பேத்தி காலத்துக்கும் அழியாது. சொல்லுங்க மாமா, அச்சு அசலா அவ சொன்ன மாதிரியே எழுதணும்."

அவன் படகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா?"

"அப்படிச் சொல்லல அவ."

"எப்படி?"

"அம்மாவப் பத்தி எதுவுமே சொல்லல. நானா சொன்னது."

பேனா தாளுக்கு ஒரு விரல் மேலே நின்றது.

"எதுக்கு மாமா?"

"நான் அவளுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு, நேரமாச்சு, வீட்டுக்குப் போலாம்னு நச்சரிச்சுக்கிட்டே இருந்தேன். ஒண்ணு சொன்னா. எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. கோவிச்சுக்கிட்டு அந்தக் கோடிக்குப் போயிட்டேன். பத்து நிமிஷம் திரும்பியே பாக்கல. பாத்தப்ப பேனா படியில கிடந்துச்சு."

படகு நகர்ந்துதான் இருக்கிறது. இப்போது பாலத்துக்கு அடியில் இருந்தது.

"நான் பக்கத்துலயே இருந்திருந்தா..." என்றவன் நிறுத்திக்கொண்டான்.

மச்சினி அவன் முழங்கையைத் தொட்டாள். பேனாவை மூடவில்லை.

"அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். அக்கா என்ன சொன்னா, அத மட்டும் சொல்லுங்க."

அவன் சொன்னான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுப்பா. பாலத்த மறைக்கிற."