ஒரு சொட்டு ரத்தத்துக்குச் சம்மதம்

உயிரியல் ஆய்வகத்தில் அன்று ரத்த வகை கண்டறியும் செய்முறை. மேசை மேல் பஞ்சு, ஸ்பிரிட், கண்ணாடி வில்லைகள், உறை பிரிக்காத ஊசிகள் எல்லாம் தயாராக இருந்தன. பதினொரு வருடமாக இதை நடத்தும் டீச்சருக்கு இது தண்ணீர் பட்ட பாடு. மளமளவென்று முப்பத்தாறு விரல்களைக் குத்தி, யாருக்கு என்ன வகை என்று பெயரோடு சார்ட்டில் எழுதிச் சுவரில் மாட்டிவிடுவார். மற்ற வகுப்புகளுக்கு முந்திப் பாடத்தை முடிப்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

“வரிசையா வாங்க. யாருக்காவது ஆட்சேபணை இருக்கா? இல்லல்ல, சரி.”

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் மூச்சு விடக்கூட இடமில்லை. முதலில் வந்த பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டு விரலை நீட்டினாள். விரல் நடுங்கியது. டீச்சர் பஞ்சையும் ஊசியையும் எடுத்தார்.

“டீச்சர், ஒரு நிமிஷம்.” பின்னாலிருந்து வந்தது, வகுப்பே ‘வக்கீல்’ என்று கூப்பிடும் மாணவியின் குரல். “வேணாம்னு சொன்னா விட்டுடுவீங்களா?”

“அஞ்சு மார்க் இருக்கு. அதையும் விட்டுடுவியா?”

“அப்ப இத்தனை வருஷச் சார்ட்டுல உங்க பேரு ஏன் இல்ல டீச்சர்? ஒரு தடவையாவது உங்க விரலைக் குத்தியிருக்கீங்களா?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. “டீச்சர் முதல்ல! டீச்சர் முதல்ல!” என்று மேசைகளைத் தட்டினார்கள்.

டீச்சருக்குக் குப்பென்று வியர்த்தது. ஊர்ப் பிள்ளைகளின் விரலையெல்லாம் குத்தியவருக்குத் தன் விரலில் ஊசி என்றால் குலைநடுக்கம். வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாத ரகசியம் அது. மானம் கப்பலேறப் போகிறதே என்று அவர் தவிக்க, கை தன்பாட்டுக்கு முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

சிரிப்பு நின்றது. கண்ணை மூடியிருந்த பெண்தான் முதலில் பேசினாள்.

“பயமா இருந்தா வேணாம் டீச்சர். நாங்க மார்க்கைக் குறைக்க மாட்டோம்.”

முதலில் டீச்சருக்குச் சுருக்கென்றது. அப்புறம் சிரிப்பு பீறிட்டது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

“உனக்கும் பயமாடீ?”

“ரொம்ப டீச்சர்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“கேள்வியும் நீங்களே கேட்டு, பதிலும் நீங்களே சொல்லிட்டீங்களே.”

டீச்சர் ஊசியை மேசையில் வைத்தார். எத்தனை விரல்கள் இப்படி நடுங்கியிருக்கும் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

அதன்பின் அந்த ஆய்வகம் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. பள்ளிக்கூடத்தில் சரி என்று சொன்னால் போதுமா, வீட்டிலும் கேட்க வேண்டுமா? முடிவை யார் பார்க்கலாம்? பெயரைச் சுவரில் ஏன் ஒட்ட வேண்டும்? வாயே திறக்காத கடைசி பெஞ்சுகூட எழுந்து நின்று வாதாடியது. செய்முறையை அடுத்த வாரத்துக்குத் தள்ளி, வீட்டில் கேட்டுவிட்டு விருப்பமுள்ளவர்கள் மட்டும் விரலை நீட்டுவது, சார்ட்டில் பெயர் கிடையாது, மார்க் எல்லோருக்கும் உண்டு என்று கைதட்டலோடு முடிவானது.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த தலைமையாசிரியர், “என்னம்மா, ஒரு விரலைக்கூடக் குத்தலையா? இன்னைக்குப் பாடமே நடக்கலையா?” என்றார்.

“இன்னைக்குத்தான் சார் நடந்துச்சு,” என்றார் டீச்சர், முகமெல்லாம் சிரிப்பாக. “ரத்தம் என்ன வகைன்னு கண்டுபிடிக்கிறது பாதி உயிரியல்தான். அது யாரோட ரத்தமோ, அவங்க மனசார சரின்னு சொல்ற வரைக்கும் காத்திருக்கிறது மீதி. இத்தனை வருஷமா நான் பாதியைத்தான் நடத்தியிருக்கேன்.”