இரண்டாம் நம்பர் ரிமோட்

கிருஷ்ணப்பிரியாவுக்குப் பதினொரு மாதம். பெயர் ஆளைவிட நீளம். அவளுக்குக் காதும் இரண்டு, தாய்மாமனும் இரண்டு. கணக்கு சரியாகத்தான் வந்தது. காது குத்த மடி மட்டும் ஒன்றுதான் வேண்டும் என்று ஆசாரி கறாராகச் சொல்லிவிட்டார். வலது காதுக்குப் பெரிய மாமன் மடி, இடது காதுக்குச் சின்ன மாமன் மடி என்று சின்னவன் சரண் ஒரு யோசனை சொல்லிப் பார்த்தான்.

"ஒரு காது குத்துன பொறவு மடி மாத்துனா, பாப்பா அடுத்த காதக் காட்டுமா? ஒரே மடி, ஒரே அமுக்கு. அவ்ளோதான்" என்றார் ஆசாரி.

ஒரே பிள்ளை போதும் என்று பாப்பாவின் அம்மா, இவர்கள் தங்கை சௌம்யா ஏற்கெனவே அறிவித்திருந்ததால், அடுத்த காதுகளுக்குக் காத்திருக்கவும் வழியில்லை. பத்திரிகை அடிப்பவர் 'தாய்மாமன்' என்று போட்டு ஒரே ஒரு வரி காலி விட்டிருந்தார். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் பெயர் வராவிட்டால் அந்த வரியில் தாமரைப்பூ படம் போட்டுவிடுவாராம்.

அண்ணன் ஜெகதீசனுக்கு இதில் பேச எதுவுமே இல்லை. மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறான், மூத்தவன், முடிந்தது. அம்பத்தூரில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க அடுத்தவர் புகார்களைப் போனில் கேட்கும் சரணுக்கு மட்டும், தன் புகாரைச் சொல்ல ஓர் எண் கிடைக்கவில்லை.

புகார் பழையது. சரணுக்கு ஆறு வயதில் வீட்டுக்கு வீடியோ கேம் வந்தது. முதல் ரிமோட் அண்ணனுக்கு, இரண்டாம் நம்பர் ரிமோட் தம்பிக்கு. இரண்டு வருஷம் உயிரைக் கொடுத்து ஆடினான். எத்தனையோ ஆட்டங்களில் ஜெயித்தான். "சூப்பரா ஆடுனடா" என்று அண்ணன் முதுகிலும் தட்டினான். ஒரு போகிக்கு மேஜையை நகர்த்தியபோதுதான் தெரிந்தது: இரண்டாம் நம்பர் ரிமோட்டின் ஒயர் பெட்டியில் சொருகப்படவே இல்லை. அது மேஜைக்குப் பின்னால் ஒரு செத்த பல்லியோடு கிடந்தது. அன்றிலிருந்து சரண் எதை ஜெயித்தாலும் ஒயரைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் சந்தோஷப்படுவான். இந்த மடியையாவது சொருகிய மடியாக வாங்கிவிட வேண்டும் என்று அவனுக்கு வெறி.

ஞாயிறன்று பருத்திப்பட்டில் சௌம்யா வீட்டில் பஞ்சாயத்து கூடியது. சீட்டு குலுக்கினால் சரண் தில்லுமுல்லு செய்வான் என்றான் ஜெகதீசன். வயதைப் பார்த்தால் அண்ணன் பிறந்ததே தில்லுமுல்லு என்றான் சரண். சௌம்யா பரணில் ஏறி, அம்மா வீட்டுச் சாமானோடு வந்திருந்த அந்தப் பழைய கேம் பெட்டியைத் தூசியோடு நடுக்கூடத்தில் வைத்தாள்.

"இதுல ஆடித் தீத்துக்குங்க. நான் குழந்தைக்கு ஊட்டணும்."

அவள் மாமனார் கன்னியப்பன் நடுவரானார். தொழிற்சாலையில் முப்பது வருஷம் தரச் சோதனை அதிகாரி. பாயசத்தைக்கூட இரண்டு முறை சோதிக்காமல் பாஸ் போட மாட்டார்.

சிக்கல் டிவியில் வந்தது. சௌம்யாவின் கணவன் உத்தமன் வாங்கியிருந்த ஐம்பத்தைந்து அங்குல டிவியில், கேம் பெட்டியின் படத்துக்கான மஞ்சள் ஒயரைக் குத்தத் துளையே இல்லை. சரண் பூந்தமல்லிக்கு வண்டியை விரட்டி, சாதுல்லா பாய் கடையில் பழைய ஒயரைப் புது டிவியோடு இணைக்கும் ஒரு மாற்றுப் பெட்டி வாங்கி வந்தான். தீப்பெட்டி அளவுதான் இருந்தது.

"படம் வரும் தம்பி. ஆனா கொஞ்சம் யோசிச்சு யோசிச்சுதான் வரும்" என்று பாய் நேர்மையாகச் சொல்லித்தான் கொடுத்தார். அதன் வழியாகச் சத்தம் வரவில்லை என்பதால், சத்தத்துக்கான வெள்ளை ஒயரை உத்தமன் தன் பழைய ஸ்பீக்கர் பெட்டியில் நேராகச் சொருகினான். டிவியைத் தொட்டபோது மட்டும் பதறினான். "மச்சான், ஓரத்துல பிளாஸ்டிக் பேப்பர் இன்னும் பிரிக்கல, பாத்து."

கேசட்டின் மேல் 'ஒரு லட்சம் விளையாட்டுகள்' என்று எழுதியிருந்தது. உள்ளே ஒன்பது இருந்தன. மிச்சமெல்லாம் அதே ஒன்பது, வேறு நிறத்தில். தடை தாண்டும் ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏழு தடைகள். ஒவ்வொரு தடைக்கும் முன் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும்; அப்போது பட்டனை அழுத்தினால் ஆள் தாண்டுவான். மூன்று ஓட்டத்தில் இரண்டு ஜெயித்தவருக்கு மடி.

முதல் ஓட்டத்தில் சிவப்புச் சட்டை ஜெகதீசனும் நீலச் சட்டை சரணும் ஏழு தடையிலும் விழுந்தார்கள். பட்டனை அழுத்தி, டீ ஒரு மடக்கு குடித்துவிட்டுப் பார்த்தால் ஆள் அப்போதுதான் குதித்தான். எழுந்து ஓடியதில் கொஞ்சம் வேகம் என்பதால் ஜெகதீசன் ஜெயித்தான்.

"இன்னாடா, அந்தக் காலத்துலயே நல்லா ஆடுவியே?" என்றான்.

"அப்போ நான் ஆடவே இல்லையே, அண்ணாத்தே."

இரண்டாவது ஓட்டத்தில் சரண் ஒன்றைக் கவனித்தான். ஸ்பீக்கரில் 'டிங்' முதலில் வந்தது. டிவியில் தடை சாவகாசமாகப் பிறகு வந்தது. சத்தம் நேர்வழியில் வருகிறது, படம்தான் பாயின் தீப்பெட்டிக்குள் யோசித்துக்கொண்டிருக்கிறது. அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். திரைக்கும் விரலுக்கும் சம்பந்தமில்லாமல் ஆடுவதில் அவனுக்கு இரண்டு வருஷ அனுபவம் வேறு. டிங், அழுத்து. டிங், அழுத்து. தாளத்துக்குத் தலை ஆடியது. பல்லைக் கடித்ததில் 'உஸ் உஸ்' என்று மூச்சு சீறியது. ஒரு தடையில்கூட விழாமல் ஜெயித்தான்.

ஜெகதீசனின் முகம் வெளுத்தது. "கேசட்டு சரியில்ல, ஊதணும்" என்று குனிந்து, கழற்றி, ஊதி, பெட்டியைச் சுற்றி ஏதேதோ தடவிவிட்டு உட்கார்ந்தான். சரண் அதற்குள் கண்ணை மூடிவிட்டிருந்தான்.

மூன்றாவது ஓட்டம். டிங், டிங், டிங். நீலச் சட்டைக்காரன் ஏழு தடைகளையும் மான்போலத் தாண்டிப் போய்க் கோட்டைத் தொட்டான். சிவப்புச் சட்டை மூன்றாவது தடையில் குப்புறக் கிடந்தது.

சரண் கண்ணைத் திறந்தபோது எதிரே கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. தட்டைப் பிடித்திருந்தவர் கன்னியப்பன்.

"எந்த சாமி வந்துகீற?" என்றார் பயபக்தியோடு.

"மாமா, நான் சரண்."

"வந்த சாமி எதுவும் உடனே பேரு சொல்லாது." தரச் சோதனை அதிகாரி ஆயிற்றே, ஒரு சோதனை வைத்தார். "காலையிலருந்து என் கண்ணாடியக் காணோம். எங்க கீது, சொல்லு."

"உங்க தலை மேலதான் கீது" என்று சரண் எரிச்சலில் கத்தினான்.

கன்னியப்பன் தலையைத் தடவினார். இருந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உத்தமனும் போட்டுக்கொண்டான்.

"அப்போ மடி எனக்குத்தானே மாமா?"

"அது எப்படி? சாமி மடியில உக்கார வெச்சுக் குத்துனா, சாமியக் காவலுக்கு வெச்சுப் புள்ளையக் குத்தின மாதிரி ஆயிடும். சாமி பக்கத்துல நின்னு ஆசி குடுக்கணும். மடி பெரியவருக்கு."

மணி ஐந்தே முக்கால். சரண் பதறிப்போய் ரகசியத்தை உடைத்தான். வெள்ளை ஒயர், ஸ்பீக்கர், பாயின் தீப்பெட்டி, முந்தி வரும் டிங், எல்லாவற்றையும் சொன்னான். கன்னியப்பன் ஸ்பீக்கரில் காதை வைத்து, டிவியைப் பார்த்து, இரண்டு முறை சோதித்தார். முகம் தெளிந்தது.

"அட, ஆமா. சத்தம்தான் முந்துது. அப்போ சாமி இல்ல, சாமர்த்தியம். சௌம்யா, பத்திரிகைக்காரருக்குப் போன் போடு. சரண்னு சொல்லு."

சௌம்யா எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். சரணுக்குத் தொடைகள் இரண்டும் தாமாகவே விரிந்து மடியாகத் தயாராயின.

"இருங்க." ஜெகதீசன் சுவரில் சாய்ந்து நின்றான். முகமெல்லாம் வேர்வை. "மூணாவது ஆட்டத்துக்கு முன்ன கேசட்டு ஊதுனேனே... அப்போ இவன் ஒயர நான் புடுங்கிட்டேன்."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். இரண்டாம் நம்பர் ரிமோட்டின் ஒயர், மேஜைக்குக் கீழே சுருண்டு கிடந்தது. இந்த முறை பல்லி இல்லை.

"போங்காட்டம் ஆடிட்டு இன்னா தைரியமா சொல்ற!" என்று கத்திய சரண், பாதியில் நிறுத்தினான். "அப்போ... ஓடுனது யாரு?"

டிவியில் நீலச் சட்டைக்காரன் இன்னும் இரண்டு கையையும் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தான். உத்தமன் மெதுவாக டிவியின் ஓரத்து பிளாஸ்டிக்கை நீவிவிட்டான்.

ஜெகதீசன் முன்னால் வந்து, முப்பத்துநாலு வயதுத் தம்பியின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "தெரியாம சின்ன வயசுலயும் ஒயர சொருகாம ஏமாத்திட்டேன், சாமி. மன்னிச்சுடு."

"ஹலோ, எழுதிக்குங்க" என்றாள் சௌம்யா போனில். "தாய்மாமன், ஜெகதீசன். அதுக்கு மேல இன்னொரு வரி போட முடியுமா? அருள் முன்னிலை, சரண்."

விழா அன்று ஜெகதீசன் பட்டு வேட்டியில் மடி விரித்து உட்கார்ந்தான். சரண் கழுத்தில் மாலை, கையில் வேப்பிலை. பத்துப் பேர் வரிசையில் நின்று தொலைந்த சாவி, வராத பென்ஷன் என்று குறை சொன்னார்கள். அலுவலகப் பழக்கத்தில் எல்லாரிடமும் "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றான். அதுவே அருள்வாக்கானது.

ஆசாரி கம்பியை எடுத்ததும் கிருஷ்ணப்பிரியா மீன்போலத் துள்ளினாள். ஜெகதீசனால் அமுக்க முடியவில்லை. "சாமி, இன்னா பண்றது?" என்றார் ஆசாரி.

சரண் மாலைக்குள் கையை விட்டு எதையோ எடுத்து அவளிடம் நீட்டினான். இரண்டாம் நம்பர் ரிமோட். ஒயர் அந்தரத்தில் தொங்கியது.

அவள் பட்டனை அழுத்தினாள். எதிர்ச் சுவரில் மண்டபத்து டிவியில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள், மறுபடி அழுத்தினாள், முகம் மலர்ந்தாள். ஆட்டுவிப்பது தான்தான் என்று முழுதாக நம்பிவிட்டாள். ஆசாரி இரண்டு காதையும் முடித்துவிட்டார்.

"சூப்பரா ஆடுனடீ" என்றான் சரண்.