புதுப் பரல்

பீப்பாய் போன்ற இரும்புப் பரலின் அடித்தட்டில் ஆறாவது துளையைப் போடும்போது உளி வழுக்கி மீராமுகைதீனின் பெருவிரலைக் கீறியது. விரலை வாயில் வைத்துச் சூப்பிவிட்டு மறுபடியும் சுத்தியலை ஓங்கினார்.

"ஆறு காணும். காத்து உள்ள போனாச் சரிதானே," என்றாள் மனைவி றாஹிலா. குசினி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எட்டு வேணும் எண்டு றெஜினோல்ட் சொன்னவன்."

"அப்ப எட்டுப் போடுங்க."

கல்முனையில் இரும்பு ஒட்டும் பட்டறை வைத்திருந்த றெஜினோல்ட்தான் அந்தப் பரலைத் தேடிக் கொடுத்தவன். பழைய பரல் எத்தனையோ கிடைத்தது. ஒன்றில் தார் இருந்தது, இன்னொன்றில் வயலுக்கு அடிக்கும் மருந்து. றாஹிலா ஒன்றையும் வீட்டுக்குள் எடுக்க விடவில்லை. இது புத்தம் புதிது. வெளியே நீலம், உள்ளே கை வைத்தால் வழுக்குகிற மஞ்சள் பூச்சு. அந்தப் பூச்சு முழுவதும் எரிந்து போகும்வரை உள்ளே பெருந்தீ வளர்க்க வேண்டும், அதுவும் இரண்டு தரம். பிறகு மணல் போட்டுத் தேய்த்து, தேங்காயெண்ணெய் பூசி, மட்டைப் புகையில் ஓர் இரவு கறுக்க விட வேண்டும். அதற்குப் பிறகுதான் மீனைத் தொங்கவிடலாம். அவசரப்பட்டால் மீன் பெயின்ற் மணக்கும், தின்றவனின் வயிறும் கெடும் என்று றெஜினோல்ட் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லி அனுப்பியிருந்தான்.

கருவாடு போடுவது றாஹிலாவின் தொழில். மாரி பிறந்தால் அதுவும் படுத்துவிடும். ஒரு கலியாணத்துக்கு வெலிகாமம் போனபோது அங்கே பெண்கள் சூரை மீனைப் புகையில் வாட்டி எடுப்பதைக் கண்டுவிட்டு வந்தாள். அன்றிலிருந்து இரண்டு வருடம் ஒரே கதை. "ஒரு பரல் எடுத்துத் தாங்க, மழை பெஞ்சாலும் கவலையில்ல." அவர் சிரிப்பார். "அல்லாஹ் தந்த வெயில் இரிக்கக்குள்ள உனக்கு எதுக்குப் புகை?"

சூறாவளி அடித்துப் போன பிறகு வந்த மூன்றாவது மாரி இது. போன மாரியில் பதினொரு நாள் வெயிலே இல்லை. போட்ட கருவாடு முழுக்கப் புழுத்துப் போனது. றாஹிலா அதைக் கடகத்தில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். தொழுதுவிட்டு வந்த மீராமுகைதீன் தற்செயலாக அதைக் கண்டார். குந்தியிருந்து கையாலேயே மணலைக் கிளறிப் புதைத்துக்கொண்டிருந்தாள். அவர் கிட்டப் போகவில்லை. வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அடுத்த கிழமை றெஜினோல்ட்டிடம் போய்ச் சொல்லி வைத்தார். பரல் வந்து சேரப் பத்து மாதம் ஆனது.

எட்டாவது துளையும் விழுந்தது. பரலை மூன்று கல்லின் மேல் நிமிர்த்தி, காய்ந்த வேப்பங்கட்டையை அடுக்கி, மண்ணெண்ணெய் தெளித்துத் தீ வைத்தார். குப்பென்று பிடித்தது. கரிய புகை சுருண்டு எழும்பி முருங்கை மரத்தை மறைத்தது.

றாஹிலா இருமினாள். இடது தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பி வந்து அவருக்குப் பின்னால் நின்றாள்.

"இஞ்ச பாருங்க. எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரிக் கிடக்கு. ஆஸ்பத்திரிக்கு ஒருக்காப் போயிட்டு வருவமா?"

"பெயின்ற் புகை புள்ள. இஞ்ச நிக்காத, அங்கால போய் இரி."

"புகை இல்லங்க..."

"இப்பத்தானே தீ வெச்சன், இத உட்டுப்போட்டு எப்படி வாற? நாளைக்கு விடியப் போவம்."

அவள் கொஞ்ச நேரம் தீயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம், நாளைக்குப் போவம்," என்றாள். குசினிக்குள் போய்த் தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்து அவர் கையெட்டும் இடத்தில் வைத்துவிட்டு அறைக்குள் போனாள்.

பரலின் உட்பூச்சு முதலில் கொப்புளித்தது. பிறகு சுருண்டு பாம்புச் சட்டைபோல் உரியத் தொடங்கியது. வெளிநீலம் கறுத்து, பழுப்பாகி, அடிப்பக்கம் சிவந்தது. மீராமுகைதீனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மாவடிப்பள்ளி வயலை மருமகனிடம் கொடுத்துவிட்ட பிறகு, இப்படி ஒரு வேலையில் அவர் கை வைத்து நாளாகியிருந்தது.

"இஞ்ச வந்து பாரு புள்ள, பூச்சு உரியிது!" என்று கூப்பிட்டார்.

பதில் இல்லை. தூங்குகிறாளாக்கும் என்று நினைத்தார். முதல் தீ தணிந்ததும் சாம்பலைக் கிண்டி இறக்கிவிட்டு இரண்டாம் தரம் கட்டை அடுக்கினார். அது நன்றாகப் பிடித்து எரிந்த நேரம் பள்ளியில் நண்பகல் ழுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. ஒழு எடுக்கத் துவாய் தேடி அறைக்குள் போனார்.

பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முக்காடு கலைந்து கிடந்தது. அதைச் சரிசெய்து விடலாம் என்று குனிந்தவரின் கையில் அவளுடைய கன்னம் பட்டது.

அவர் போட்ட சத்தத்தில் முன்வீட்டிலிருந்து மகள் நதீரா ஓடி வந்தாள். சீதனமாகப் பெரிய வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வளவின் பின்பக்கம் இரண்டறை கட்டிக்கொண்டு வந்தவர்கள் அவரும் றாஹிலாவும். நதீரா தாயின் காலைப் பிடித்து உலுக்கினாள், "உம்மா, உம்மா" என்று மட்டும் கூப்பிட்டாள். பிறகு வளவு நிறைய ஆட்கள். யாரோ எரிகிற பரலுக்குள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். பரல் பெரிய சத்தத்தோடு ஒரு பக்கம் நெளிந்தது. அறைக்குள் ஓதிக்கொண்டிருந்த பெண்கள் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்கள்.

"காலையில நல்லாத்தானே இரிந்தாவாம். என்ன நடந்த காக்கா?" என்று வந்தவர்கள் கேட்டார்கள்.

"ஒண்டுமில்ல. படுத்தவ, எழும்பல்ல."

முதலாவது ஆளுக்குச் சொன்னது அப்படியே வாயில் நின்றுவிட்டது. பிறகு வந்த எல்லோருக்கும் அதையே சொன்னார். "நசீபு, குடுத்து வெச்சவ. வேதனையில்லாத மவுத்து," என்று ஒரு பெரியவர் அவர் தோளைத் தட்டினார். மீராமுகைதீன் தலையை ஆட்டினார்.

றாஹிலாவின் மையித்தைக் குளிப்பாட்டி முடித்த பெண்களோடு நதீரா வெளியே வந்தாள். கை நனைந்திருந்தது. கற்பூரம் மணத்தது. கூட்டம் விலகிய ஒரு நேரம் பார்த்து அவருக்குப் பக்கத்தில் வந்தாள்.

"உம்மா ஏதும் சொன்னாவா வாப்பா? நோகுது, ஏலாது எண்டு?"

"இல்ல புள்ள."

"ஒண்டுமே சொல்லல்லயா?"

"இல்ல."

அவள் வெளுத்த சாரமும் சேட்டும் கொண்டு வந்து கொடுத்தாள். "இத உடுத்துக்கோங்க. உங்கட சேட்டு புகை மணக்கு."

அஸர் தொழுகைக்குப் பிறகு மையித்தைச் சுமந்த சந்தூக்கு எழும்பியது. மழை தூறிக்கொண்டிருந்தது. மையவாடியில் மூன்று பிடி மண் அள்ளிப் போடும்போது, மணல் கீறல்பட்ட பெருவிரலில் எரிந்தது. அவள் கடற்கரையில் குந்தியிருந்த இருப்பு அவருக்கு ஞாபகம் வந்தது. கிட்டப் போய் ஒரு கை மணலாவது அள்ளிப் போட்டிருக்கலாம்.

மறுநாள் காலை வெயில் நன்றாக எறித்தது. இரவல் வாங்கிய கதிரைகள் முற்றத்து ஓரம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மீராமுகைதீன் கிணற்றடியில் இருந்தார். வேலிப் படலையில் சைக்கிள் மணி கேட்டது. பெரியநீலாவணையிலிருந்து றாஹிலாவுக்கு மீன் கொண்டுவரும் இராசதுரை, பின்னால் பெட்டி கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு வளவுக்குள் வந்தான்.

"காக்கா, றாத்தா சொன்ன சூரை. ஏழு கிடக்கு, எல்லாம் விடியப் பட்டது." ஸ்டாண்டைத் தட்டி நிறுத்திவிட்டுப் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தான். "முந்தநாள் பின்னேரம் சந்தியில மறிச்சுச் சொன்னவ, பரல் வந்திட்டு, புகைபோடப் போறன் எண்டு. ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா? டொக்டர் என்ன சொன்னவர்?"

மீராமுகைதீன் எழும்பி நின்றார்.

"ரெண்டு நாளா நெஞ்சில கல்லு வெச்ச மாதிரிக் கிடக்கு, விடியக் காக்காவோட போகப்போறன் எண்டவ. நானும் சொன்னனான், பிந்தாதீங்க எண்டு..." சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவன் அடுக்கிய கதிரைகளைக் கண்டான். பிறகு முன்வீட்டுப் பின்வாசலில் நின்ற நதீராவைக் கண்டான். அவள் கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது.

"உம்மா நேத்து மவுத்தாகிட்டா அண்ணன்," என்றாள் நதீரா.

இராசதுரையின் கை மீனிலேயே நின்றது. "ஐயோ தங்கச்சி, எனக்குத் தெரியாதே," என்றான். அவசரமாகப் பெட்டியை மூடப் போனான்.

"கொண்டு போகாதீங்க. வெச்சிட்டுப் போங்க," என்றாள் நதீரா.

அவன் ஏழு மீனையும் வாழையிலையில் இறக்கி வைத்தான். மீராமுகைதீனின் கையை இரண்டு கையாலும் பிடித்துவிட்டு, சைக்கிளை ஏறாமலே உருட்டிக்கொண்டு போனான்.

நதீரா தேத்தண்ணியைக் கிணற்றுக் கட்டில் வைத்தாள்.

"உங்களுக்கிட்டச் சொன்னாவா வாப்பா?"

"சொன்னவ."

"எப்ப?"

"நான் தீ வெச்ச நேரம்."

"நீங்க என்ன சொன்ன?"

அவர் முருங்கை மரத்தைப் பார்த்தார். இலையில் கரி படிந்திருந்தது.

"நாளைக்குப் போவம் எண்டன்."

நதீரா திரும்பி நடந்தாள். குசினிக்குள் போய் நெடுநேரம் வரவில்லை. தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது. ஈக்கள் வரத் தொடங்கின. மீராமுகைதீன் ஓலைத்துண்டு ஒன்றை எடுத்து மீன்களுக்கு மேல் விசிறிக்கொண்டு நின்றார்.

அவள் கத்தியோடும் சட்டியோடும் வந்தாள். முக்காட்டை இழுத்துச் சொருகிக்கொண்டு குந்தினாள். முதல் மீனின் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்தாள். அவர் பக்கம் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சட்டியை அவர் காலடிக்குத் தள்ளினாள்.

அவர் கிணற்றில் தண்ணீர் அள்ளிச் சட்டியில் ஊற்றினார். சிவந்த தண்ணீர் வெள்ளை மணலில் ஓடிச் சுவறியது. நதீரா நிமிராமலே மீனை மறுபக்கம் புரட்டினாள். அவர் அடுத்த வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினார்.